புழுவின் காலை எண்ணுங்கள்: முழு உருமாற்றப் பூச்சிகளை வரிசை பிரித்தறிய ஒரு தொடக்க வழிகாட்டி

கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழு, மாம்பழத்துக்குள் ஒரு புழு, குப்பைமேட்டுக்குள் ஒரு புழு. மூன்றையும் 'புழு' என்றே சொல்கிறோம். ஆனால் ஒன்று வண்ணத்துப்பூச்சி ஆகும், ஒன்று ஈ ஆகும், ஒன்று வண்டாகும். எது எதுவாகும் என்பதைப் புழுப் பருவத்திலேயே ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். அதற்கு நிறம் உதவாது, அளவும் உதவாது. கால்தான் உதவும். இந்தக் கட்டுரை முதலில் கால், பிறகு கூடு, பிறகு சிறகு என்ற வரிசையில் போகிறது.

தேவையான பொருட்கள் கொஞ்சம்தான். 10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று. ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகை ஒன்று, எண் 0 அல்லது 1. வெள்ளைத் தட்டு, மில்லிமீட்டர் அளவுகோல், பென்சில், குறிப்பேடு. கைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். புழுவை விரலால் எடுக்காதீர்கள், தூரிகையால் ஏந்துங்கள். முருங்கைக் கம்பளிப்பூச்சி போன்று மயிர் அடர்ந்தவற்றையும், தென்னையில் வரும் பச்சை நத்தைப்புழு போன்று முள் உள்ளவற்றையும் இடுக்கியால்கூடக் கவனமாகத்தான் தொட வேண்டும். அவற்றின் முடி தோலில் ஏறினால் மணிக்கணக்கில் எரியும்.

எது முழு உருமாற்றம், எது இல்லை

முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்ற நான்கு பருவமும் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் களத்தில் நிற்பவருக்கு இதைவிடக் கூர்மையான அடையாளம் ஒன்று உண்டு: சிறகு எங்கே வளர்கிறது என்று பாருங்கள். வெட்டுக்கிளிக் குஞ்சின் முதுகில் சின்னச் சிறகு மொட்டு வெளியே தெரியும், ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் அது நீளும். அது முழு உருமாற்றம் அல்ல. வண்ணத்துப்பூச்சிப் புழுவின் முதுகில் அப்படி எதுவும் தெரியாது. சிறகுக்கான திசு தோலுக்கு உள்ளே சிறு தட்டாக ஒளிந்திருந்து, கூட்டுப்புழு ஆகும் தருணத்தில்தான் வெளியே புரளும். உள்ளே சிறகு வளர்வதால் இந்தக் கூட்டத்துக்கு அறிவியல் வைத்த பெயர் எண்டோப்டெரிகோட்டா. ஹோலோமெடபோலா என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றே.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் பல பொறிகளில் விழாமல் தப்பலாம். தட்டான், கரையான், கரப்பான், மூட்டைப்பூச்சி, அசுவினி, நாவாய்ப்பூச்சி எதுவும் இக்கூட்டத்தில் இல்லை. கரையானும் எறும்பும் பார்க்க நெருங்கியவை போலிருந்தாலும் எறும்பு குளவியின் உறவு, கரையான் கரப்பானின் உறவு. தென்னையில் வரும் வெள்ளை ஈ ஒரு ஈயே அல்ல. அசுவினி போலச் சாறு உறிஞ்சும் வரிசையைச் சேர்ந்தது (வரிசை என்பது பல குடும்பங்கள் அடங்கிய பெரும்பிரிவு). அதன் கடைசி இளம்பருவம் இலையில் ஒட்டி அசையாமல் கிடப்பதால் கூட்டுப்புழு என்றே தோன்றும். இலைப்பேனிலும் இதே போன்ற ஓய்வுப் பருவம் உண்டு. ஆகவே 'அசையாமல் கிடந்தது, எனவே முழு உருமாற்றம்' என்று முடிவு கட்டக் கூடாது. மழைக்குப் பின் வரும் சிவப்புத் தம்பலப்பூச்சிக்கு எட்டுக் கால். அது பூச்சியே அல்ல.

படி 1: புழுவின் காலை எண்ணுதல்

புழுவை வெள்ளைத் தட்டில் பக்கவாட்டாகத் தெரியும்படி விடுங்கள். நடக்க விட்டு லென்ஸில் பாருங்கள். தலையை அடுத்த மூன்று வளையங்கள் மார்பு. அங்கே கணு உள்ள, கூரிய நகம் உள்ள உண்மைக் கால்கள் இருக்கின்றனவா? அதற்குப் பின்னால் வயிற்றில் சதைப்பற்றான பொய்க்கால்கள் இருக்கின்றனவா? இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று ஜோடி உண்மைக் காலும், வயிற்றில் ஐந்து ஜோடி அல்லது அதற்குக் குறைவாகப் பொய்க்காலும் இருந்தால் பெரும்பாலும் அது வண்ணத்துப்பூச்சி அல்லது அந்துப்பூச்சி, அதாவது லெபிடாப்டெரா வரிசை. பொய்க்கால்கள் வயிற்றின் 3, 4, 5, 6 ஆவது வளையங்களிலும் கடைசியான 10 ஆவது வளையத்திலும் இருக்கும். அதாவது உண்மைக் கால் முடிந்த பிறகு இரண்டு வளையம் கால் இல்லாமல் வெறுமையாக இருக்கும். பொய்க்காலின் அடியில் லென்ஸ் வைத்தால் நுண்ணிய கொக்கிகள் வட்டமாகவோ பிறையாகவோ தெரியும். இலையைப் பற்றிக்கொண்டு விடாமல் நிற்பது அவற்றின் பலத்தில்தான். ஆமணக்குக் காவடிப்புழு போன்றவற்றில் முன்பக்கப் பொய்க்கால்கள் சிறுத்திருப்பதால் முதுகை வளைத்து வளைத்து நடக்கும். எண்ணிக்கை குறையலாம், ஐந்துக்கு மேல் போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நத்தைப்புழுவில் பொய்க்காலுக்குப் பதில் ஒட்டிக்கொள்ளும் சதைத்தட்டுதான் இருக்கும். அது ஒரு விதிவிலக்கு.

முள்ளங்கி, கடுகுச் செடிகளில் கருத்த, பச்சை சாயலுள்ள புழு வந்து, தொட்டதும் சுருண்டு விழுந்தால் மீண்டும் எண்ணுங்கள். எட்டு ஜோடிப் பொய்க்கால் இருக்கும். மார்புக்குப் பின் ஒரே ஒரு வளையம்தான் வெறுமையாக இருக்கும். கொக்கிகள் இருக்காது. தலையின் இரு பக்கமும் ஒவ்வொரு கண்தான் கறுப்புப் பொட்டாகத் தெரியும். லெபிடாப்டெராப் புழுவில் வழக்கமாகப் பக்கத்துக்கு ஆறு சிறு கண் இருக்கும். இந்தக் கடுகுப் புழு ரம்ப ஈயின் புழு. பெயரில் ஈ இருந்தாலும் அது குளவி, தேனீ, எறும்பு இருக்கும் ஹைமனாப்டெரா வரிசையைச் சேர்ந்தது. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைக் கொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் குர்ஸ்டாகி என்ற பாக்டீரியா வகை மருந்தை அடித்துவிட்டு, ரம்ப ஈப் புழு சாகவில்லை என்று குழம்புவதற்கும் இதுவே காரணம். வரிசை தெரியாமல் மருந்து தேர்ந்தெடுத்தால் பணம்தான் வீண்.

உண்மைக் கால் மூன்று ஜோடி உண்டு, பொய்க்கால் இல்லை, தலை கடினமாகப் பழுப்பாக இருக்கிறது என்றால் வண்டு வரிசையான கோலியாப்டெராவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். எருக்குழியைக் கிளறினால் வெள்ளையாக, கொழுத்து, 'C' வடிவில் சுருண்டு கிடப்பது காண்டாமிருக வண்டின் புழு. கத்தரி இலையைச் சுரண்டி வலைபோல ஆக்கும் மஞ்சள் நிற முட்புழு எபிலாக்னா என்ற புள்ளி வண்டினுடையது. அசுவினிக் கூட்டத்தில் சின்ன முதலை போல ஓடித் திரிவது நன்மை செய்யும் பொறி வண்டின் புழு. அதே கூட்டத்தில் அதைவிட மெலிந்து, வாயில் அரிவாள் போல இரண்டு வளைந்த தாடையை நீட்டிக்கொண்டு வருவது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. அது நியூராப்டெரா. குழியானையும் இதே வரிசைதான். தாடை அமைப்பு ஒன்றே: இரையைக் குத்தி, தாடைக்குள் ஓடும் குழாய் வழியாகச் சாற்றை உறிஞ்சும். குழியானைப் புழுவுக்கு நடுக்குடலும் பின்குடலும் இணைவதில்லை. புழுப் பருவம் முழுக்க மலம் கழிக்காமல் சேர்த்து வைத்து, சிறகு முளைத்து வெளிவந்த பிறகே கழிக்கிறது.

கால் ஒன்றுமே இல்லையென்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மூன்று வழி இருக்கிறது. மாம்பழத்தை வைத்தே பார்க்கலாம். சதைக்குள் நெளிவது, தலை என்று தனியாக எதுவும் தெரியாமல் ஒரு முனை கூராகவும் மறுமுனை தட்டையாகவும் இருப்பது, தட்டில் விட்டால் உடலை வளைத்துத் துள்ளுவது பழ ஈயின் புழு. அது டிப்டெரா. கொட்டைக்குள் இருப்பது, வெள்ளை உடலும் தெளிவான பழுப்புத் தலையும் பக்கவாட்டில் கடிக்கும் தாடையும் உள்ளது மாங்கொட்டை வண்டின் புழு. அது கூன்வண்டுக் குடும்பம், அங்கே புழுக்களுக்குக் கால் இருப்பதில்லை. தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டும் அப்படியே. மூன்றாவது, குளவியின் மண்கூட்டுக்குள்ளோ தேனடைக்குள்ளோ கிடக்கும் வெள்ளைப் புழு. உணவு தேடி அலைய வேண்டிய தேவையே இல்லாததால் அதற்குக் கால் இல்லை. அது கிடந்த இடமே பாதி அடையாளம். எனவே எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

கொசுப்புழுவுக்குத் தலை தெளிவாக உண்டு, கால் கிடையாது. அதுவும் டிப்டெராதான். நீர் மட்டத்துக்கு இணையாகப் படுத்து மிதந்தால் அனோபிலஸ். வால்பக்கக் குழாயை மேலே வைத்துச் சாய்வாகத் தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ்.

படி 2: கூட்டைப் படித்தல்

கூட்டுப்புழுவில் மூன்று மாதிரிகள் உண்டு. காலும் உணர்கொம்பும் உடலோடு ஒட்டாமல் தனித்தனியாகத் தெரிந்தால் வண்டு, குளவி, கண்ணாடி இறக்கைப் பூச்சி ஆகியவற்றில் ஒன்று. எல்லாம் உடலோடு ஒட்டி வழவழப்பாக ஒரே துண்டாக இருந்தால் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி. பழுப்பு நிறத்தில் விதை போன்ற உருளை மட்டும் தெரிந்து, உறுப்பு எதுவும் தெரியாவிட்டால் அது வீட்டு ஈ, பழ ஈ போன்றவற்றின் கூடு. கடைசிப் புழுத்தோலே காய்ந்து இறுகி ஓடாகிவிட்டது, உண்மையான கூட்டுப்புழு அதற்குள் இருக்கிறது.

தொங்கும் விதமும் ஒரு குறிப்புத்தான். தலை மேலாக, இடுப்பில் ஒரு பட்டு நூல் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றால் அழகிகள் அல்லது வெள்ளையன்கள் என்ற வண்ணத்துப்பூச்சிக் குடும்பம். தலைகீழாக வால்நுனியில் மட்டும் தொங்கினால் வரியன்கள் என்ற வண்ணத்துப்பூச்சிக் குடும்பம். எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

படி 3: வளர்த்துப் பார்த்தல்

புழுவைப் பார்த்து வரிசையைச் சொல்லிவிடலாம். சிற்றினத்தை உறுதி செய்ய முதிர்பூச்சி வெளிவர வேண்டும். முதல் முயற்சிக்குக் கறிவேப்பிலை அல்லது எலுமிச்சையில் வரும் புழுவே சரி. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் பருவங்களில் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், கடைசிப் பருவத்தில் பச்சையாக மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவட்டை போன்ற கொம்பு ஒன்றை நீட்டிக் கடும் வாடை விடும். காண்டாமிருக வண்டு போன்றவற்றை முதலில் தொடாதீர்கள். புழுப் பருவமே மாதக்கணக்கில் நீளும், பொறுமை தீர்ந்துவிடும்.

1. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள அகன்ற வாய்ப் பாத்திரம் எடுங்கள், உயரம் குறைந்தது 15 செ.மீ. வாயை மெல்லிய துணியால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். மூடியில் ஓட்டை போடுவதைவிடத் துணி மேல், உள்ளே நீர் வியர்க்காது. அடியில் டிஷ்யூ தாள் விரியுங்கள்.

2. ஒரு பாத்திரத்தில் இரண்டு புழுவுக்கு மேல் வேண்டாம். நெருக்கம் நோயைப் பரப்பும்.

3. இணுக்கோடு இலையைப் பறித்து, நீர் நிரப்பிய சின்னப் புட்டியில் செருகுங்கள். புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்காதீர்கள். அடைக்காவிட்டால் புழு தண்டு வழியே இறங்கி நீரில் மூழ்கிச் சாகும். இலையைத் தினமும் மாற்றுங்கள். கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்து எச்சம் கழுவினாலும் முழுதாகப் போகாது. புழு வாந்தி எடுத்து, துடித்து, ஒரே நாளில் செத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

4. எச்சத்தை நாள்தோறும் அகற்றுங்கள். ஈரம் தேங்கினால் பூஞ்சையும் வைரஸும் வரும். புழு தளர்ந்து, கறுத்து, தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடைந்து நீராக வழிந்தால் அது வைரஸ் நோய். அந்தப் பாத்திரத்தைச் சோப்பிட்டுக் கழுவி, ப்ளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்த பிறகே மீண்டும் பயன்படுத்துங்கள்.

5. புழு ஓரிரு நாள் தின்னாமல் அசையாமல் இருந்தால் நோய் என்று பதறி இடம் மாற்றாதீர்கள். அது தோலுரிக்கும் நேரம். காலைப் பட்டுப் படலத்தில் ஊன்றியிருக்கும். அப்போது பிடுங்கினால் பழைய தோல் கழலாமல் செத்துவிடும்.

6. ஒவ்வொரு முறை உரித்தபின்னும் உதிர்ந்த தலையோட்டைத் தேடி எடுத்து அகலத்தை அளந்து எழுதுங்கள். ஒரு பருவத்திலிருந்து அடுத்ததுக்குத் தலையின் அகலம் ஏறத்தாழ ஒரே விகிதத்தில், பெரும்பாலும் 1.4 மடங்கு அளவில் கூடும். 1890 இல் ஹாரிசன் டையர் சொன்ன விதி இது. ஒரு தாவல் திடீரென 2 மடங்கு காட்டினால் நடுவே ஒரு தலையோட்டைத் தவறவிட்டீர்கள் என்று பொருள். உடல் நீளத்தை நம்பாதீர்கள், அது தின்னத் தின்ன மாறும். இந்த அழகிகளுக்குப் புழுப் பருவம் ஐந்து.

7. நீர்த்த எச்சம் ஒன்றைக் கழித்துவிட்டு, இலையை விட்டு இறங்கி அங்குமிங்கும் அலைந்தால் கூடுகட்டப் போகிறது. சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். அந்துப்பூச்சிப் புழுக்கள் பல மண்ணுக்குள் போகும். அவற்றுக்கு 5 முதல் 7 செ.மீ ஆழத்துக்கு மண் வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம்.

கூடு கட்டியபின் தமிழக வெப்பத்தில் வழக்கமாக ஒன்றரை வாரத்தையொட்டி அழகி வெளிவரும். வருவதற்கு முந்தைய நாள் கூடு கறுத்து, சிறகின் புள்ளிகள் உள்ளிருந்து தெரியும். கூடு கீழே விழுந்திருந்தால் நிமிர்த்திக் கட்டவேண்டிய அவசியமில்லை. டிஷ்யூ தாளின் மேல் கிடத்தி, அருகே ஏறிச் செல்ல ஒரு துணியைத் தொங்கவிட்டால் போதும். ஏற இடம் இல்லாவிட்டால் சிறகு விரியாமல் மடங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. சில கூடுகள் குறித்த நாளில் வராமல் வெகுநாள் உறங்கும். கையில் கனமாக இருந்து, மெல்லத் தொட்டால் வயிறு அசைந்தால் உயிர் இருக்கிறது, தூக்கி எறியாதீர்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் வேறேதோ வந்தால் அதையும் வையுங்கள். புழுவின் மேல் வெள்ளைப் பஞ்சுக் கூடுகள் கொத்தாக ஒட்டியிருந்தால் சிறு ஒட்டுண்ணிக் குளவி. கூட்டில் குண்டூசித் தலையளவு வட்டத் துளையும் ஏராளமான நுண்குளவிகளும் என்றால் அதுவும் அவ்வகையே. புழுவிலிருந்து ஒரு ஈப்புழு இறங்கிப் பழுப்பு விதைபோல் ஆனால் டாக்கினிட் ஈ. உங்கள் வளர்ப்பு தோற்றுவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஒரே பாத்திரத்தில் இரண்டாவது வரிசை ஒன்று கிடைத்திருக்கிறது.

கொசுவை வளர்த்துப் பார்க்க விரும்பினால் வலை கட்டாமல் செய்யவே செய்யாதீர்கள். நான்கு புழுப் பருவம், பிறகு காற்புள்ளி வடிவில் துள்ளித் திரியும் கூட்டுப்புழு. கோடையில் எல்லாம் பத்து நாளுக்குள் முடிந்துவிடும். பார்த்து முடித்ததும் வெந்நீர் ஊற்றிவிடுங்கள்.

படி 4: சிறகை வைத்து உறுதி செய்தல்

முதிர்பூச்சியில் முதல் கேள்வி: சிறகு எத்தனை? ஒரே ஜோடி, அதன் பின்னால் குண்டூசி போன்ற சமநிலைக் குமிழ் இரண்டு என்றால் டிப்டெரா. மஞ்சள் கறுப்புக் கோட்டோடு பூவின் மேல் அந்தரத்தில் நிற்பதைத் தேனீ என்று நினைப்போம். சிறகை எண்ணினால் பலவேளை ஈயாக இருக்கும். இரண்டு ஜோடி, பின்சிறகு சிறிது, முன்சிறகோடு கொக்கியால் பூட்டியிருக்கிறது என்றால் ஹைமனாப்டெரா. முன்சிறகு இறுகிய ஓடாகி, முதுகின் நடுவே நேர்க்கோட்டில் சந்தித்தால் வண்டு. ஓடு போலிருந்தும் நுனி ஒன்றன்மேல் ஒன்று ஏறி 'X' போலத் தெரிந்து, வாய் ஊசிபோல மார்புக்கடியில் மடங்கியிருந்தால் நாவாய்ப்பூச்சி. அது நம் கூட்டமே அல்ல. சிறகைத் தொட்டால் விரலில் தூள் ஒட்டினால் லெபிடாப்டெரா. சிறகில் தூளுக்குப் பதில் மயிர் இருந்து, ஓடை அருகே கூரைபோல் மடித்து உட்கார்ந்தால் ட்ரைகாப்டெரா. இதன் புழுக்களை மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கல்லைப் புரட்டினால் பார்க்கலாம், மணலையும் இலைத்துண்டையும் பட்டால் ஒட்டிக் குழாய் செய்து அதற்குள் வாழும். நான்கு சிறகிலும் அடர்ந்த வலைநரம்பு, தட்டானைப் போன்ற உடல், ஆனால் நுனி தடித்த உணர்கொம்பு வெளியே நீண்டிருந்தால் குழியானையின் முதிர்பூச்சி. தட்டானின் உணர்கொம்பு மயிரளவுதான்.

பழைய கணக்கில் இக்கூட்டத்தில் 11 வரிசைகள். வண்டு, குளவி, ஈ, அந்து ஆகிய நான்கும் மிகப் பெரியவை. வண்டில் மட்டும் சுமார் 4 லட்சம் சிற்றினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மீதி ஏழில் நியூராப்டெரா, ட்ரைகாப்டெரா, தெள்ளுப்பூச்சியின் சைபோனாப்டெரா மூன்றும் கண்ணில் படும். மலை ஓடைகளில் மெகலாப்டெரா, நிழலான காட்டோரத்தில் மீகாப்டெரா அரிதாகக் கிடைக்கும். ஸ்ட்ரெப்சிப்டெரா குளவி, தத்துப்பூச்சிகளின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வாழ்வதால் தேடினாலொழியத் தெரியாது. ராஃபிடியாப்டெரா குளிர்நாட்டுப் பூச்சி, தமிழகத்தில் தேட வேண்டாம்.

1669 இல் யான் ஸ்வாமர்டாம் வளர்ச்சி முறையை வைத்துப் பூச்சிகளைப் பிரித்தார். 1758 இல் லின்னேயஸ் சிறகை வைத்து ஏழு வரிசையாக்கினார். சிறகில்லாதவற்றை எல்லாம் ஒரே வரிசையில் போட்டதால் தெள்ளுப்பூச்சியும் சிலந்தியும் ஒன்றாகக் கிடந்தன. இன்றைய மரபணு ஆய்வுகள் ஹைமனாப்டெரா முதலில் தனியாகப் பிரிந்தது, அந்துவும் ட்ரைகாப்டெராவும் உடன்பிறப்பு, தெள்ளுப்பூச்சி மீகாப்டெராவுக்கு மிக நெருக்கம் என்று காட்டுகின்றன. தெள்ளுப்பூச்சியை மீகாப்டெராவுக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும் என்ற வாதமும் உண்டு. ஆகவே ஒரு நூலில் 11, இன்னொன்றில் 10 என்று இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

படி 5: பதிவும் சேமிப்பும்

இறந்த புழுவை நேரடியாக ஆல்கஹாலில் போட்டால் கறுத்துவிடும். கொதி தணிந்த வெந்நீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை விட்டு, பிறகு 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். வண்டுக்கு ஊசி வலது ஓட்டின் வழியே இறங்க வேண்டும், நடுவே குத்தினால் அடையாளம் காணத் தேவையான கோடு சிதையும். வண்ணத்துப்பூச்சியைக் கொல்ல வேண்டாம், படம் எடுத்து, புழு கிடைத்த செடியருகே காலையில் விட்டுவிடுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 இன் பட்டியலில் பல வண்ணத்துப்பூச்சிகள் உள்ளன. காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது.

சீட்டில் ஊர், மாவட்டம், தேதி, எந்தச் செடி, செடியின் எந்தப் பாகம், எடுத்தவர் பெயர் இருக்க வேண்டும். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரையும். சீட்டைப் புட்டிக்கு வெளியே ஒட்டாமல் உள்ளேயே போடுங்கள். புழு, உரித்த தலையோடுகள், வெற்றுக்கூடு, முதிர்பூச்சியின் படம் நான்குக்கும் ஒரே எண் கொடுங்கள்.